கிஃப்டட் திட்டம்: அமெரிக்கப் பள்ளி மாவட்டத்துக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு

பிள்ளையை அமெரிக்கப் பள்ளியில் சேர்த்த சில நாட்களில், அந்த ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கிஃப்டட் டெஸ்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்களா?" அப்படி ஒன்று இருப்பதையே அதுவரை அறியாத பெற்றோர் அன்றிரவே பயிற்சிப் புத்தகம் தேடத் தொடங்குவார்கள். பொறியியல், மருத்துவம் என்று நுழைவுத் தேர்வுகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்தப் பதற்றம் இயல்புதான். ஆனால் கிஃப்டட் என்ற, திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான இந்தத் திட்டம் ஏற்பட்ட காரணம் வேறு. வகுப்புப் பாடம் போதாமல் சலித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதன் வேகத்துக்கேற்ற பாடம் தருவதே நோக்கம். மூன்றாம் வகுப்பில் கிஃப்டட் பட்டியலில் பெயர் இருந்ததா என்று எந்தக் கல்லூரியும் பின்னாளில் கேட்கப்போவதில்லை.

பிள்ளையை எப்படி உள்ளே அனுப்புவது என்று சொல்லித்தர ஆட்கள் ஏராளம். உள்ளே என்ன நடக்கிறது, அது சரியில்லை என்றால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்பவர்கள்தான் குறைவு. எனவே முன்னதைச் சுருக்கமாகவும் பின்னதைக் கொஞ்சம் நின்று நிதானமாகவும் சொல்கிறேன்.

யார் கையில் இருக்கிறது?

மத்திய அரசின் கையில் இல்லை. கிஃப்டட் கல்வியை எந்தப் பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தந்தே ஆகவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. 1988-இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் பணம் தருகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் ஒவ்வொரு மாவட்டமும் இப்படிப்பட்ட மாணவர்களைக் கண்டறிந்து கற்பிக்க வேண்டும் என்பது சட்டம். பென்சில்வேனியாவில் தகுதி பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து வடிவில் தனிக் கல்வித் திட்டம் தயாரிக்க வேண்டும். பரிசோதிக்கும்படி பெற்றோரே எழுதிக் கேட்கலாம். நியூ ஜெர்சியில் 2020-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, மாவட்டம் தன் தேர்வு முறையை இணையத்தில் வெளியிட வேண்டும். குறை இருந்தால் முறையாகப் புகார் கொடுக்கவும் வழி உண்டு. ஒஹாயோவில் கண்டறிவது கட்டாயம், கற்பிப்பது கட்டாயமில்லை. வேடிக்கையான ஏற்பாடுதான். கலிஃபோர்னியாவில் 'கேட்' (GATE) என்ற பெயரில் கிஃப்டட் கல்விக்குத் தனியாக வந்த நிதி, 2013-இல் நிதி முறை மாறியபோது பொது ஒதுக்கீட்டில் கரைந்துவிட்டது. இப்போது நடத்துவதும் விடுவதும் அந்தந்த மாவட்டத்தின் விருப்பம்.

ஆகவே டெக்சாஸின் டாலஸில் இருக்கும் உங்கள் மைத்துனர் சொல்லும் அறிவுரை கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் செல்லாது. உங்கள் மாவட்டத்தின் இணையதளத்தில் தேர்வு முறை, விண்ணப்பக் கடைசி நாள், மேல்முறையீடு ஆகிய மூன்றையும் நீங்களே படித்துவிடுங்கள். எங்கும் காணவில்லை என்றால், அந்த மாவட்டத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

வீட்டு மொழிப் படிவம்

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். "தமிழ் என்று எழுதிவிடாதீர்கள், பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர் வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று யாரேனும் உங்கள் காதில் போடுவார்கள். உண்மையையே எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். பல மாநிலங்களில் அதன் பெயர் 'வீடா' (WIDA), கலிஃபோர்னியாவில் 'எல்பாக்' (ELPAC). நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளை அதில் தேறிவிடும், பேச்சு அத்துடன் முடிந்தது. தேறாவிட்டால் உதவி கிடைக்கும். ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற காரணத்துக்காகவே கிஃப்டட் திட்டத்தின் கதவை அடைக்கக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னும் முழுமையாக வரவில்லை என்றால், சொல் சாராத, வடிவங்களைக் கொண்ட தேர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், முக்கியமான சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் உரிமைதான். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தேர்வும் எண்களும்

பெரும்பாலான மாவட்டங்களில் நீங்கள் கேள்விப்படப்போகும் பெயர்கள் இரண்டு. காகாட் தேர்வு சொல், எண், வடிவம் என்று மூன்று பகுதிகள் கொண்டது. நாக்லியரி தேர்வு முழுக்க வடிவங்களால் ஆனது. சில இடங்களில் உளவியலாளர் ஒருவர் பிள்ளையுடன் தனியாக உட்கார்ந்து நடத்தும் விஸ்க் (WISC) என்ற நுண்ணறிவுத் தேர்வும் உண்டு.

முடிவு வரும்போது பர்சன்டைல் என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 92 என்றால் நூற்றுக்கு 92 மதிப்பெண் வாங்கியதாகப் பொருள் இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறக்குறைய 92 பேரைவிட மேலே இருக்கிறது என்று பொருள். மாவட்டம் கேட்கும் வரம்பு அதற்கும் மேலே இருக்கலாம். "92 எடுத்தும் ஏன் சேர்க்கவில்லை?" என்று பள்ளி முதல்வரிடம் கொதித்துப் போய் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு யாராவது இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

பயிற்சி மையங்கள் பற்றி என் கருத்து கடுமையானது. கேள்விகள் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரித் தாளைக் காட்டிவிடுவது நியாயம்; புதிதாக வந்த பிள்ளை அந்தக் கட்டங்களைப் பார்த்து மிரளாமல் இருக்கும். அதற்கு மேல் மாதக்கணக்கில் பணம் கட்டி, ஆறு வயதுப் பிள்ளையை சனிக்கிழமை காலையில் கட்டங்களை நிரப்ப வைப்பது, பிள்ளைக்குப் பொருந்தாத வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளத்தான் உதவும்.

பிள்ளை தேர்வாகவில்லை என்றால் மதிப்பெண் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. கேட்ட 45 நாட்களுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும்.

திட்டம் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் கேள்வி: யாரையெல்லாம் பரிசோதிக்கிறார்கள்? ஆசிரியர் பரிந்துரைத்தால், அல்லது பெற்றோர் விண்ணப்பித்தால் மட்டுமே தேர்வு என்று இருக்கும் மாவட்டங்களில், விவரம் தெரிந்தவர்களின் பிள்ளைகளே உள்ளே போவார்கள். ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்ட்டியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2005-இல் அந்த மாவட்டம் இரண்டாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் வடிவத் தேர்வு ஒன்றை வைக்கத் தொடங்கியது. தகுதி வரம்பை மாற்றவில்லை. ஆனாலும் ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியக் குடும்பங்களிலிருந்து தேர்வான பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிய அளவில் உயர்ந்தது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே பள்ளிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். பிறகு பணத் தட்டுப்பாட்டில் மாவட்டம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டபோது எண்ணிக்கை மீண்டும் சரிந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? மார்ச் மாதத்தில் வந்து சேர்ந்து, வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் பரிந்துரைக்கப்போவதில்லை. படிவத்தின் கடைசி நாள் எப்போது என்று அதன் பெற்றோருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தேர்வு என்ற ஏற்பாடு இருந்தால் அந்தப் பிள்ளையும் தானாகவே வலையில் விழும். உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இதையே கேளுங்கள்.

இரண்டாவது, பட்டியலில் சேர்ந்த பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? வாரத்தில் ஒரு மணி நேரம் தனி அறைக்கு அழைத்துப்போய்ப் புதிர் போடவைத்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் தெரிந்த கூட்டலையே மீண்டும் செய்யவைக்கும் இடங்கள் உண்டு. திறமையில் ஒத்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் குழுவாக அமர்த்துவது, கணக்குக்கு மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்புவது, முழு நேரத் தனி வகுப்பு, தேவைப்பட்டால் ஒரு வகுப்பையே தாண்டிவிடுவது என்று பல வழிகள் இருக்கின்றன. இல்லினாய்ஸில் 2018 முதல் இப்படி முன்னேற்றிவிடுவதற்கான கொள்கையை மாவட்டங்கள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியரைச் சந்தித்ததும் "இன்னும் கொஞ்சம் ஹோம்வொர்க் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். இருபது கணக்குப் போட்டுவிட்ட பிள்ளைக்கு மேலும் இருபது கணக்குத் தருவது தண்டனை. "இது அவனுக்குத் தெரியும் என்றால், இதற்குப் பதிலாக வேறென்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். உரையாடலே வேறு திசையில் போகும்.

மூன்றாவது, ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா? டெக்சாஸில் இந்த மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் 30 மணி நேர அடிப்படைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஆண்டுதோறும் மேலும் 6 மணி நேரம். உங்கள் மாநிலத்தில் அப்படி விதி இல்லையென்றாலும் இந்த எண்களைச் சொல்லிக் கேட்கலாம்.

நான்காவதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அபாரமாக யோசிக்கும் பிள்ளைக்கே டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு), ஆட்டிசம் போன்றவையும் இருக்கலாம். இங்கே 'ட்வைஸ் எக்செப்ஷனல்' என்பார்கள். வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் அமெரிக்கா வந்த பிறகும் விடுவதில்லை. விளைவு, பிள்ளையின் திறமை குறையை மூடுகிறது, குறை திறமையை மூடுகிறது, சராசரி மாணவன் என்ற பெயரோடு நாட்கள் போகின்றன. சிறப்புக் கல்வித் திட்டத்திலோ, குறைபாடுள்ள மாணவருக்கு வகுப்பில் வசதிகள் செய்துதரும் 504 திட்டத்திலோ இருக்கும் பிள்ளை கிஃப்டட் திட்டத்திலும் இருக்கலாம். தேர்வு எழுதக் கூடுதல் நேரம் போன்ற வசதிகள் கிஃப்டட் தேர்வுக்கும் பொருந்துமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

மாற்றத்தைக் கேட்பது எப்படி?

படிகளைத் தாண்டாதீர்கள். வகுப்பாசிரியர், பள்ளியின் கிஃப்டட் ஒருங்கிணைப்பாளர், முதல்வர், மாவட்ட ஒருங்கிணைப்பாளர், சூப்பரின்டென்டென்ட் என்ற மாவட்டத் தலைமை அதிகாரி, கடைசியாகப் பள்ளி வாரியம். நேரே மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது கீழேயே திரும்பி வரும், கூடவே மனக்கசப்பும் வரும். பேசியதை அன்றே இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. நிகழ்ச்சி நிரல் முன்பே வெளியாகும். பொதுமக்கள் பேசத் தலைக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவது வழக்கம். எச்-1பி, எச்-4 விசாவில் இருக்கிறோமே, பேசலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாகப் பேசலாம். வாக்களிக்கத்தான் அநேகமாக எல்லா இடங்களிலும் குடியுரிமை வேண்டும்.

பேசும்போது "என் மகன்" என்று தொடங்கினால் வாரியம் அனுதாபத்துடன் தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைக்கும். "கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேர் தேர்வானார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பொதுப் பதிவுகளைக் கோரும் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. எண்கள் கையில் வந்தபின், எந்தப் பள்ளியிலிருந்து யாருமே தேர்வாகவில்லை என்பது தெரியும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

தனியாகப் போகாதீர்கள். பத்துத் தமிழர்களாக மட்டும் போகவும் வேண்டாம். கிஃப்டட் திட்டங்கள் ஒருசில இனத்தவருக்கு மட்டும் பயன்படுகின்றன என்ற விமர்சனம் அமெரிக்காவில் வலுவாக இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. நியூ யார்க் நகரத்தில் 2021 அக்டோபரில் மேயர் இந்தத் திட்டத்தைப் படிப்படியாக முடித்துவிடப்போவதாக அறிவித்தார். அடுத்த மேயர் வந்து 2022-இல் அதைத் தொடரவும் விரிவாக்கவும் முடிவு செய்தார். ஒரு தேர்தலில் போய் ஒரு தேர்தலில் திரும்பும் திட்டம் இது. ஆசியப் பெற்றோர் மட்டும் நின்று காப்பாற்றக் கேட்டால், அது ஒரு கூட்டத்தாரின் சலுகை போலத் தோன்றும். ஹிஸ்பானிய, கறுப்பின, வெள்ளைப் பெற்றோரும் உடன் நின்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வையுங்கள் என்று கேட்டால், திட்டத்தை வெட்ட எவருக்கும் எளிதில் மனம் வராது. வாசலை அகலப்படுத்துவது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நல்லது, உங்கள் பிள்ளையின் வகுப்பு நீடிப்பதற்கும் அதுவே வழி. இந்த நட்புகள் கூட்டத்துக்கு முதல் நாள் ஏற்படாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நிகழ்ச்சிகளில் நாற்காலி போடுவதில் தொடங்க வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஜூனில் போய்ப் பணம் கேட்டால் கணக்கு முடிந்திருக்கும்; குளிர்காலத்திலிருந்தே பேச வேண்டும். கலிஃபோர்னியாவில் மாவட்டத்தின் இலக்குகளையும் செலவுகளையும் சொல்லும் 'எல்கேப்' (LCAP) என்ற திட்ட ஆவணத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பார்கள். வட கரோலினாவில் ஒவ்வொரு மாவட்டமும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தன் கிஃப்டட் திட்டத்தைப் புதிதாக எழுதி வாரியத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். எழுதும் ஆண்டில் கேட்பதே பலன் தரும். மாவட்டத்தில் பெற்றோர் ஆலோசனைக் குழு இருந்தால் அதில் இடம் கேளுங்கள். இல்லையென்றால் ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது: ஒரு மாவட்டத்தில் கிடைத்த கிஃப்டட் தகுதியை அடுத்த மாவட்டம் ஏற்றே ஆகவேண்டும் என்பது பல இடங்களில் இல்லை. மதிப்பெண் அறிக்கை, தேர்வின் பெயர், எழுதிய தேதி, ஆசிரியர் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைக் கிளம்பும் முன்பே பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஆண்டின் நடுவில் சேரும் பிள்ளைக்கு எப்போது தேர்வு வைப்பார்கள் என்று அந்த மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.