நேபாளத் தேயிலை: தோட்டம் முதல் கோப்பை வரை நடக்கும் தவறுகள்

கிழக்கு நேபாளத்தின் இலாம் மலையில் விளையும் நல்ல தேயிலையைக் கெடுக்கப் பெரிய திறமை வேண்டாம். பாலில் போட்டு இரண்டு பொங்கு விட்டால் போதும்.

நேபாளத்தில் ‘சியா’ என்ற ஒரே பெயரில் மூன்று பானங்கள் இருக்கின்றன. ஜாபா மாவட்டச் சமவெளியில் விளைவது சி.டி.சி. தூள், டீக்கடைப் பால் சியாவுக்கு அதுதான். அதற்கு வடக்கே இலாம், பாஞ்ச்தர், தன்குட்டா மலைகளில் முழு இலையாகச் சுருண்டு வருவது ஆர்த்தடாக்ஸ். அதற்கும் மேலே ஷெர்பாக்களும் முஸ்தாங் மக்களும் குடிப்பது உப்பும் வெண்ணெயும் சேர்த்தது. ஒன்றின் பக்குவத்தை இன்னொன்றில் காட்டும்போதுதான் பெரும்பாலும் கோளாறு வருகிறது.

சி.டி.சி. தூளில் இலை வெட்டி, கிழித்து, உருட்டப்பட்டிருப்பதால் கொதித்த இரண்டு நிமிடத்தில் சாயம் முழுக்க இறங்கிவிடும். ஆர்த்தடாக்ஸ் இலை அப்படி நொறுங்கியதல்ல. அதன் மணம் சீக்கிரம் ஆவியாகும்; கொதிக்க வைத்தால் மணம் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். 200 மில்லி நீருக்கு 2.5 கிராம் இலை போதும். ஸ்பூனால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். இலை உப்பலாக இருப்பதால் ஒரு டீஸ்பூனில் 1 கிராம்கூட நிற்காமல் போகலாம். மார்ச், ஏப்ரலில் பறித்த முதல் பருவ இலைக்கு 85 டிகிரி, 3 நிமிடம். மே, ஜூன் மாத இலைக்கு 90 முதல் 95 டிகிரி, 4 நிமிடம் வரை. நேரம் ஆனதும் வடித்துவிட வேண்டும். இலையைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு ‘கசக்கிறது’ என்று தேயிலையைக் குறை சொல்வது நியாயமில்லை.

முதல் பருவத் தேநீர் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும், இலையிலும் பச்சை தெரியும். கடுமையாக வாட்டி ஈரத்தை இறக்குவதால் இலை முழுக்கக் கறுப்பதில்லை. அதைப் பழைய இலை என்றோ கலப்படம் என்றோ எண்ணி இன்னொரு ஸ்பூன் அள்ளிப் போடுவது டஸ்ட் டீயில் பழகிய கை செய்கிற வேலை.

உயரத்தையும் மறக்கக் கூடாது. காட்மாண்டுவில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 3,440 மீட்டர் உயரத்து நாம்சே பஜாரில் 90 டிகிரியைக்கூட எட்டாது. அங்கே ஆர்த்தடாக்ஸ் இலைக்குக் கொதிநீரை ஆற வைத்தால் இலை சரியாக ஊறாது. தூளானால் கூடுதல் நேரம் கொதிக்க வேண்டும்.

பால் சியாவில் நடக்கும் தவறு வேறு. பச்சை இஞ்சியைக் காயும் பாலில் தட்டிப் போட்டால் பால் திரியும், ஏனென்றால் இஞ்சியில் உள்ள நொதி பால் புரதத்தை உடைக்கிறது. இஞ்சி, ஏலக்காய், இரண்டு மிளகு மூன்றையும் முதலில் நீரில் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். பிறகு தூள், கடைசியில் பால்.

வளர்ப்பவர்கள் பக்கம் வந்தால், மிகப் பெரிய நஷ்டம் சாக்கில் நடக்கிறது. பறித்த கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சூடும் விடும். பிளாஸ்டிக் சாக்கில் காலால் மிதித்துத் திணித்தால் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதி ஏறும்; நசுங்கிய இடமெல்லாம் சிவக்கும். ஆலைக்குப் போகும் முன்பே புளிக்கத் தொடங்கிய அந்த இலையை எந்த ஆலையாலும் சீராக வாட்ட முடியாது. விலையும் அங்கேயே விழும். முதுகில் சுமக்கும் டோகோ மூங்கில் கூடை காற்றோட்டம் தருவது. அதில் தளர்வாக நிரப்பி, நிழலில் வைத்து, நான்கைந்து மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும்.

பறிப்பில் ‘துயி பாத், ஏக் சுயிரோ’ என்பார்கள்: இரண்டு இலை, ஒரு மொட்டு. பருவத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை எடை கூடட்டும் என்று இரண்டு வாரம் விட்டால் மூன்றாம், நான்காம் இலை முற்றி நாராகிவிடும்; அது சுருளாது. மருந்து அடித்த மறுநாளே பறிப்பதும் கூடாது. டப்பியில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கழிந்தே கை வைக்க வேண்டும். அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ போட்டால் செடி தழைக்கும் என்பது தேயிலைக்குப் பொருந்தாது, அதற்கு pH 4.5 முதல் 5.5 வரை உள்ள அமில மண்தான் வேண்டும்.

வாங்கும்போது ‘இமயமலைத் தேயிலை’ என்ற எழுத்தை நம்பிப் பயனில்லை. தோட்டம், பறித்த பருவம், ஆண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இலாமில் தேயிலை 1863-லேயே நடப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் டார்ஜிலிங் என்பதற்காக இதையும் டார்ஜிலிங் என்று விற்பது தவறு. அது புவிசார் குறியீடு பெற்ற பெயர்.

வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்து முதல் வாய் குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சூப் என்று நினைத்துக்கொண்டால் இறங்கும். கட்டித் தேயிலையைக் காய்ச்சிய சாயத்தில் உப்பும் வெண்ணெயும் இட்டு நீள மர உருளையில் கடைவார்கள். வீட்டில் மிக்சி போதும். கடையாவிட்டால் நெய் மேலே மிதக்கும். விருந்தாளியாகப் போனால் ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள், உடனே மறுபடி நிரப்புவார்கள். போதும் என்றால் கோப்பையை நிறைந்தபடியே விட்டுவைத்து, கிளம்பும்போது குடித்து முடியுங்கள்.