மானிட்டருக்குப் பவர், கேமராவுக்குக் கேபிள்: மண்டப வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாலி கட்டும் நேரத்தில் மானிட்டர் கறுத்துப்போனால் பழி முதலில் மானிட்டர் மேல் விழும், அடுத்து கேமரா மேல் விழும். பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது. மானிட்டருக்குப் போகும் மின்சாரம் வழியிலேயே தேய்ந்திருக்கும், இல்லையென்றால் படத்தைக் கொண்டுபோகும் கேபிளை அதன் எல்லையைத் தாண்டி இழுத்திருப்பார்கள். 3 கேமரா, ஒரு வீடியோ மிக்ஸர், ஒரு எல்.இ.டி. வால், ஆளுக்கொரு மானிட்டர் என்று கல்யாண மண்டபங்களில் லைவ் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மாநாடு, கோயில் விழா, கல்லூரி ஆண்டுவிழாவுக்கும் இதே கணக்குதான்.

12 வோல்ட் வயரை நீட்டுவது

வீடியோ கேபிள் எத்தனை மீட்டர் போகும் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். பவர் வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடாப்டரின் வயரை வெட்டி, நடுவில் கையில் கிடைத்த மெல்லிய வயரை 10 மீட்டர் சேர்த்து, டேப் சுற்றி ஓட்டிவிடுகிறார்கள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

கணக்கு எளிது. 1 ஸ்கொயர் எம்.எம். தடிமனுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் தடை. 10 மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் போகவும் வரவும் 20 மீட்டர். 0.2 ஸ்கொயர் எம்.எம். வயரில் மொத்தத் தடை 1.75 ஓம் ஆகிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து இந்த வயர் வழியாக எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 20 வாட்டுக்கு மேல் மறுமுனைக்குப் போகாது. வெயிலில் பார்ப்பதற்கென்று வாங்கிய பிரகாசமான 7 இன்ச் மானிட்டர் 30 வாட் கேட்டால், அது அந்த வயரில் ஓடவே முடியாது. அடாப்டரை 5 ஆம்பியருக்கு மாற்றினாலும் பயனில்லை.

அதே 10 மீட்டருக்கு 0.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் அந்த 30 வாட் மானிட்டரின் முனையில் 9.9 வோல்ட் கிடைக்கும். 1.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 11.4 வோல்ட். 7 வோல்ட் முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் மானிட்டருக்கு 9.9 வோல்ட் போதும். குறைந்தது 11 வோல்ட் வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும் மானிட்டருக்குப் போதாது.

இங்கே ஏமாற்றுவது மல்டிமீட்டர். மானிட்டரைக் கழற்றிவிட்டு வயரின் முனையில் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சுத்தமாகக் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதபோது வயரில் இழப்பே இல்லை. மானிட்டரைச் செருகி, பிரைட்னஸை முழுதாக ஏற்றிவைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். அணைந்து அணைந்து எரிவதற்கும் இதுவே காரணம். திரை எரிந்ததும் கரண்ட் இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, மானிட்டர் அணைகிறது. அணைந்ததும் சுமை போய்விடுவதால் வோல்ட் பழையபடி ஏறி மறுபடி எரிகிறது. உள்ளே இருக்கும், வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வோல்ட் குறையக் குறையக் கூடுதல் கரண்ட் இழுக்கும் என்பதால், சரிவு தொடங்கிவிட்டால் வேகமாகப் போகும்.

தீர்வு: தூரத்தை 230 வோல்ட் பக்கம் வையுங்கள். எர்த் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மானிட்டர் வரைக்கும் கொண்டுபோய், அடாப்டரை அங்கேயே செருகுங்கள். அடாப்டரிலிருந்து மானிட்டருக்கு 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். குழந்தைகள் ஓடும் இடம், தண்ணீர் தெளிக்கும் இடம், ஓமகுண்டத்துக்குப் பக்கம் என்றால் 230 வோல்ட்டைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே மானிட்டரின் முதுகில் பேட்டரி மாட்டுவதுதான் சரி.

சி.சி.டி.வி. கடைகளில் விற்கும் 3+1 கேபிளைப் பார்த்து, வீடியோவும் பவரும் ஒரே கேபிளில் போய்விடும் என்று மகிழ்பவர்கள் உண்டு. அதிலுள்ள பவர் கம்பிகள் சில வாட் மட்டும் எடுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கானவை. விலை குறைந்தவற்றில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுதான் இருக்கும். தடை சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும்.

பின் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

அடாப்டர் பின்னில் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்பது பொது, உள்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என்று இரண்டு வகை. 2.5 பின்னை 2.1 சாக்கெட்டில் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் நடுமுனை இறுகப் பிடிக்காது. கேமராவை அசைக்கும்போது மட்டும் மானிட்டர் அணைகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். நடுமுனை பாசிட்டிவ்தானா என்பதையும் லேபிளில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள்.

கேமராவின் தட்டில் மாட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரியில் 14.4 அல்லது 14.8 வோல்ட் என்று எழுதியிருக்கும். முழு சார்ஜில் அது 16.8 வோல்ட். டி-டாப் என்ற 2 முனைப் பவர் சாக்கெட் வழியாக வருவது பெரும்பாலும் ரெகுலேட்டர் இல்லாத, பேட்டரியின் நேரடி வோல்ட். 12 வோல்ட் மட்டும் என்று எழுதிய சிறிய டி.வி.யையோ கம்ப்யூட்டர் மானிட்டரையோ அதில் நேரடியாக மாட்டக் கூடாது. நடுவே 12 வோல்ட் ரெகுலேட்டர் வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, பேட்டரி வடிவில் மாட்டி வயர் வழியாகப் பவர் தரும் டம்மி பேட்டரி. என்.பி.-எஃப் என்ற சிறிய பேட்டரியின் இடத்தில் மாட்டும் டம்மிக்கு 7.2 முதல் 8.4 வோல்ட் வரைதான் போக வேண்டும். டி-டாப்பிலிருந்து டம்மிக்கு வரும் கேபிளின் நடுவில் ஒரு சிறு பெட்டி இருந்தால் அநேகமாக ரெகுலேட்டர் உண்டு. பெட்டியே இல்லாத வெறும் வயர் என்றால் மாட்டுவதற்கு முன் அளந்துபாருங்கள். 16 வோல்ட் காட்டினால் அந்தக் கேபிள் உங்கள் மானிட்டருக்கு உதவாது.

வி-மவுண்டிலிருந்து நீங்களே கேபிள் செய்கிறீர்கள் என்றால் பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். 2.5 ஆம்பியர் இழுக்கும் மானிட்டருக்கு 4 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தம். மெல்லிய வயர் ஷார்ட் ஆனால் இந்தப் பேட்டரிகள் அதைச் சில நொடிகளில் உருக்கிவிடும்.

பேட்டரி எத்தனை மணி நேரம்

வாட்-அவரை வாட்டால் வகுத்து, 0.8-ஆல் பெருக்குங்கள். என்.பி.-எஃப்970 சுமார் 47 வாட்-அவர். 12 வாட் மானிட்டருக்கு 3 மணி நேரம், 25 வாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். 98 வாட்-அவர் வி-மவுண்டில் கேமரா 25, மானிட்டர் 15, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் 8 என்று 48 வாட் தொங்கினால் 1 மணி 40 நிமிடத்தை நெருங்கும்போதே மாற்றுப் பேட்டரி கையில் இருக்க வேண்டும்.

சிறிய எஃப்550 சுமார் 16 வாட்-அவர்தான். 25 வாட் மானிட்டரில் அதை மாட்டினால் 3.5 ஆம்பியர் இழுத்து, பாதி சார்ஜ் மீதமிருக்கும்போதே வோல்ட் சரிந்து மானிட்டர் அணைந்துவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். அதை 5 இன்ச் மானிட்டருக்குக் கொடுங்கள்.

எஸ்.டி.ஐ. கேபிளை முதலில் மாட்டுவது

எஸ்.டி.ஐ. என்பது டி.வி. கேபிள் போன்ற கோஆக்ஸியல் கேபிளில் படத்தை அனுப்பும் இணைப்பு. விலையில் பெரிய இழப்பு இங்கேதான். கேமராவின் பேட்டரித் தட்டிலுள்ள டி-டாப்பிலிருந்து மானிட்டருக்குப் பவர், கேமராவிலிருந்து மானிட்டருக்கு எஸ்.டி.ஐ. என்று இணைத்திருக்கிறீர்கள். எஸ்.டி.ஐ. ஏற்கெனவே மாட்டியிருக்க, டி-டாப்பைக் கடைசியில் செருகுகிறீர்கள். செருகும் அந்தக் கணத்தில் பாசிட்டிவ் முனை தொட்டு நெகட்டிவ் முனை இன்னும் தொடாமல் இருந்தால், மானிட்டருக்குள் பாய்ந்த கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். இருக்கும் ஒரே வழி எஸ்.டி.ஐ. கேபிள். அதன் வழியாகக் கேமராவுக்குள் போய் எஸ்.டி.ஐ. அவுட்டை எரித்துவிடும். கேமரா படம் பிடிக்கும், ரெக்கார்டும் ஆகும், அவுட் மட்டும் வராது. சரிசெய்ய போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆரி, ரெட் போன்ற கேமரா நிறுவனங்களே இதைக் குறித்து எச்சரித்திருக்கின்றன. வரிசை இதுதான்: மாட்டும்போது பவர் முதலில், எஸ்.டி.ஐ. கடைசியில். கழற்றும்போது எஸ்.டி.ஐ. முதலில், பவர் கடைசியில். பேட்டரி மாற்றும்போதும் அப்படியே. உதவியாளருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை இது. டி-டாப் பிளக்கைத் தலைகீழாக வலிந்து அழுத்தினால் சில தட்டுகளில் நுழைந்துவிடுகிறது என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

எச்.டி.எம்.ஐ.யை மண்டபம் முழுக்க இழுப்பது

சாதாரணச் செம்புக் கேபிளுக்கு நடைமுறை எல்லை: 1080பி 50 அல்லது 60 ஃபிரேமுக்கு 10 மீட்டர், 4கே 30-க்கு 7 மீட்டர், 4கே 60-க்கு 5 மீட்டர். தரமான கேபிளில் இன்னும் கொஞ்சம் போகும், ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி முகூர்த்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்.இ.டி. வாலுக்கு 1080 போதும் என்கிறபோது கேமராவின் எச்.டி.எம்.ஐ. அவுட்டை 4கே-யில் விட்டுவைப்பது வீண். மெனுவில் 1080 ஆக்கினால் அதே கேபிள் இன்னும் தூரம் போகும்.

இதைத் தாண்டினால் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிள் உண்டு. அதற்குத் திசை இருக்கிறது: சோர்ஸ் என்று எழுதிய முனை கேமராவுக்கு, டிஸ்பிளே முனை திரைக்கு. 30 மீட்டரைச் சுவரோரம் ஒட்டிமுடித்தபின் திசை மாறியது தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தக் கேபிள்கள் கேமராவின் 5 வோல்ட் பின்னிலிருந்தே உயிர் வாழ்கின்றன. தரவிதிப்படி கேமரா அந்தப் பின்னில் தர வேண்டியது குறைந்தது 55 மில்லி ஆம்பியர்தான். சில கேபிள்களுக்கு அது போதாமல் படம் வந்து வந்து போகும். யு.எஸ்.பி. பவர் செருகும் வசதியுள்ள கேபிளாக வாங்குங்கள்.

கேமராவின் மேலேயே மாட்டும் மானிட்டருக்கு 30 முதல் 45 செ.மீ. மெல்லிய கேபிள் போதும். 1 மீட்டர் தடித்த கேபிளை மடித்துத் தொங்கவிட்டால் அந்த எடை முழுதும் மைக்ரோ எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டில் விழும்.

எந்தக் கோஆக்ஸியலும் எஸ்.டி.ஐ.க்கு ஆகும் என்று நம்புவது

20 மீட்டருக்கு மேல் என்றால் எஸ்.டி.ஐ.யே நிம்மதி. கேமராவில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் என்றால் பக்கத்திலேயே கன்வெர்ட்டர் வையுங்கள். அதற்கும் பவர் வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். நல்ல ஆர்.ஜி.-6 வகைக் கோஆக்ஸியல் கேபிளில் 1080ஐ 50, 1080பி 25 ஆகியவை 100 மீட்டர் போகும். 1080பி 50 என்றால் 3ஜி எஸ்.டி.ஐ., அதாவது வினாடிக்குச் சுமார் 3 கிகாபிட் வேகம்; சுமார் 75 மீட்டர். அதைவிட மெல்லிய ஆர்.ஜி.-59-இல் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4கே 50-க்கு 12ஜி வேண்டும், ஆர்.ஜி.-6-இலேயே 40 மீட்டரோடு நிற்பது நல்லது. வேகம் 4 மடங்கானால் தூரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது நினைவிருந்தால் போதும். கேமராவுக்கு அழகாக இருக்கும் என்று வாங்கும் மிக மெல்லிய எஸ்.டி.ஐ. கேபிளை 10 மீட்டருக்குள் வையுங்கள்.

டிஷ் ஆன்டெனாவுக்கு விற்கும் ஆர்.ஜி.-6-உம் பார்க்க அதே போலிருக்கும். அதில் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. டிஷ்ஷின் உயர் அதிர்வெண் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அங்கே பாதகமில்லை. எஸ்.டி.ஐ.யில் தாழ்ந்த அதிர்வெண்களும் உண்டு. அவை இரும்புக்குள் இறங்கித் தேய்கின்றன. கடையில் ஒரு காந்தத்தை நடுக்கம்பியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். வயர்லெஸ் கருவிகளுக்கான ஆர்.ஜி.-58-உம் ஆகாது, அது 50 ஓம், எஸ்.டி.ஐ.க்கு வேண்டியது 75 ஓம்.

கேபிள் எல்லையை நெருங்கும்போது பழைய அனலாக் போலப் படம் மெல்ல மங்காது. கடைசி வரை பளிச்சென்று இருக்கும், பிறகு வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், இன்னும் சில மீட்டரில் ஒன்றுமே வராது. புள்ளிகள் மினுக்குவதைப் பார்த்தபின் சமாளிக்கலாம் என்று விடாதீர்கள். அந்த நிலையில் ஒரு ஜாயின்ட் அசைந்தாலே படம் போய்விடும்.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மேடைக்கும் மிக்ஸருக்கும் நேர்தூரம் 25 மீட்டர் என்றால், சுவரோரம் சுற்றி, கதவுக்கு மேல் ஏறி இறங்கும் பாதை எளிதாக 40 ஆகிவிடும். பாதையை நடந்து அளந்து, இரு முனையிலும் 3 மீட்டர் சேருங்கள். 50 மீட்டர் கேபிள் ஒன்றே போடுவது, 20, 20, 10 என்று ஜாயின்ட் போடுவதைவிட மேல். மீதியைச் சுருட்டும்போது ஆர்.ஜி.-6-ஐ 7 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடிக்காதீர்கள். 230 வோல்ட் எக்ஸ்டென்ஷனை மட்டும் சுருளிலேயே விட்டு அதிகச் சுமை ஏற்றாதீர்கள். சூடாகி உறை இளகும்.

ஒரு மானிட்டரின் லூப் அவுட்டிலிருந்து, அதாவது உள்ளே வந்த படத்தை அப்படியே வெளியே தரும் சாக்கெட்டிலிருந்து, அடுத்த திரைக்கு எடுக்கிறீர்களா? பல மானிட்டர்களில் பவர் போனால் லூப்பும் போய்விடும். எல்.இ.டி. வாலுக்குப் போகும் படத்தை எஃப்550 பேட்டரியில் ஓடும் மானிட்டர் வழியாக அனுப்பக் கூடாது. வாலுக்கு மிக்ஸரிலிருந்து தனி லைன் போடுங்கள்.

எர்த் இல்லாத அடாப்டர்

எர்த் பின் இல்லாத அடாப்டரில் ஓடும் கருவியின் உலோக உடல், மீட்டரில் அளந்தால் எர்த்தைவிட நூறு வோல்ட் அளவுக்கு மிதக்கும். கரண்ட் மிகச் சிறிது, தொட்டால் விறுவிறுக்கும், அவ்வளவுதான். ஆனால் எச்.டி.எம்.ஐ. செருகும் கணத்தில் அந்த மின்னேற்றம் போர்ட் வழியாக இறங்கினால் சிப் போய்விடும். எல்.இ.டி. வால் ஜெனரேட்டரிலும், மிக்ஸர் மண்டபத்தின் ஈ.பி. லைனிலும் ஓடும்போது இரண்டின் எர்த்துக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் வர வாய்ப்பு அதிகம். கேமரா, மிக்ஸர், மானிட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து எர்த்தோடு பவர் எடுங்கள். வாலுக்குப் போகும் லைனை ஆப்டிகல் ஆக்குங்கள். வெளியுறையிலும் செம்பு இல்லாத முழு ஃபைபர் என்றால் இரண்டு எர்த்தும் சந்திக்கவே சந்திக்காது. எர்த் பின்னை உடைத்துவிட்டு 2 பின் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

முந்தைய நாள் மாலையே எல்லாக் கேபிளையும் அவற்றின் இடத்தில் போட்டு, மண்டபத்தின் விளக்குகளும் ஏ.சி.யும் முழுதும் ஓடும்போது கலர் பார் என்ற சோதனை வண்ணப் பட்டைகளை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதே நேரம் ஒவ்வொரு மானிட்டரின் பவர் முனையிலும் வோல்ட்டை அளந்து குறியுங்கள். தேறிய கேபிளின் இரு முனையிலும் நீளம், வகை, எந்த வேகத்தில் தேறியது, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள். தேறாத கேபிளை வேனில் ஏற்றாதீர்கள்.