சாப்பாட்டை மறுக்கிறாளா, சாப்பாடு இறங்கவில்லையா?

பிள்ளை மெலிந்துகொண்டே போகிறாள், சாப்பிட்டால் சத்தி எடுக்கிறாள். 'மெலிய வேண்டுமென்று வேணுமென்றே செய்கிறாள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு கொப்பியில் ஏழு நாள் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரத்தில் சத்தி வந்தது, எத்தனை தரம் சலம் போனாள், பின்னேரக் காய்ச்சல் உண்டா. கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோங்கள். கீழே உள்ள ஆபத்து அறிகுறிகள் இருந்தால் மட்டும் ஏழு நாள் காத்திருக்க வேண்டாம்.

சத்தியை அருவருக்காமல் பாருங்கள். இரைப்பையிலிருந்து வருவது புளித்து மணக்கும். மதியம் தின்ற சோறு புளிப்பில்லாமல் பருக்கை பருக்கையாக வந்தால், அது இரைப்பைக்கே போகாமல் இருந்திருக்கலாம். உணவுக்குழாயின் அடிவாசல் சரியாகத் திறக்காத அக்கலேசியா என்ற வருத்தம் இப்படிச் செய்யும். தண்ணீரும் நெஞ்சில் சிக்கும். படுத்தால் மேலே வந்து தலையணை நனையும், இருமல் எழுப்பும். தொடக்கத்தில் எண்டொஸ்கோபியில் (கமராக் குழாயை வாய் வழியாக விட்டுப் பார்ப்பதில்) ஒன்றும் தெரியாமலும் போகலாம். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள்.

நித்திரையில் நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். பட்டினியில் மெலிந்தவருக்குப் பெரும்பாலும் 60இற்குக் கீழே இறங்கும், கைகால் குளிரும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் வேலை கூடினால் நித்திரையிலும் 90, 100 என்று ஓடும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு வற்றும். நீட்டிய விரல்களில் ஒரு கடதாசியை வைத்தால் நடுக்கம் தெரியும். மட்டக்களப்பு வெயிலில் வியர்வையை நம்பிப் பயனில்லை. தைரொயிட் கூடியதா என்று முதலில் பார்க்க டிஎஸ்எச் (TSH) இரத்தப் பரிசோதனை போதும்.

உப்பைத் தேடித் தின்கிறாள், எழும்பினால் தலை சுற்றுகிறது என்றால் உள்ளங்கை ரேகையையும் முரசையும் பாருங்கள். புதிதாகக் கறுத்திருந்தால் அடிசன் நோயாக (சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பி சரியாகச் சுரக்காத வருத்தம்) இருக்கலாம். தானே சத்தி எடுப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் பெரும்பாலும் குறையும், அடிசனில் ஏறும். இரண்டு கிழமைக்கு மேல் இருமலும் இரவு வியர்வையும் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. வயிற்றோட்டத்தில் இரத்தம் வந்தால் குரோன் என்ற குடல் அழற்சி நோயையும் பார்க்க வேண்டும்.

தாகம், அடிக்கடி சலம், மெலிவு மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே இரத்தத்தில் சீனி பாருங்கள். சத்தியோடு மூச்சு வாங்கினால், வாயில் பழ மணம் அடித்தால், இளநீர் கொடுத்துப் பார்த்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். நாடி 50இற்குக் கீழே போனாலும், மயங்கி விழுந்தாலும் அப்படியே.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்தும் பிள்ளை சோற்றுக்குப் பயந்தால், மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அதுவும் உயிரெடுக்கும் வருத்தம்தான். உடல் நோயோடு சேர்ந்தும் வரும். கிழமைக்கணக்கில் சாப்பிடாத பிள்ளைக்கு ஒரேயடியாகச் சோற்றைக் குவிக்காதீர்கள். இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற தாதுப்பு திடீரென விழுந்து இதயத்தைப் பாதிக்கும். எவ்வளவு கொடுப்பதென்று வைத்தியசாலையில் கேட்டே தொடங்குங்கள்.