லால்பாகில் உங்களுக்கென்று ஒரு மரம்

பெங்களூரின் லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்கு மரங்களைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளிலேயே பலகை பலகையாகப் பார்த்து, நோட்டு நிறையப் பெயர்களை எழுதிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வாரம் அவற்றில் பாதிகூட நினைவில் இருப்பதில்லை. இந்தத் தோட்டம் 240 ஏக்கர். அதை ஒரே மூச்சில் படித்துவிட யாராலும் முடியாது. புதிதாக வரும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறை, ஓராண்டு முழுவதும், அந்த மரத்தை மட்டும் பாருங்கள். மற்ற மரங்கள் தாமாகவே பழக்கமாகிவிடும்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வார நாட்களில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு காலை எங்கள் சிறு குழுவோடு லால்பாகில் இருப்பேன். குழுவுக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது. அல்சூர், விவேக்நகர், ஜெயநகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில, இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர். ஆளுக்கொரு மரம், அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கே கதவு திறந்துவிடும். பச்சை வழித்தட மெட்ரோவில் வந்தால் லால்பாக் நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாக உள்ளே போகலாம். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் மரத்தின் அருகே நிற்கவே இடம் இருக்காது. அப்போது வார நாளில் விடியற்காலையில் வந்துவிடுங்கள்.

முதல் நாள் மரம் தேடாதீர்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமீது ஏறி உட்காருங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள, நைஸ் (gneiss) எனப்படும் உருமாறிய பாறை அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால், கீழே இருக்கும் பச்சை எல்லாம் மனிதர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தது என்பது புரியும். 1760-ல் ஹைதர் அலி தொடங்கினார். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து விரிவாக்கினார். 1856-ல் இது அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது. ஜான் கேமரூன் பொறுப்பில் இருந்த காலத்தில், 1889-ல், கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் வீட்டில் கூட்டு வைக்கும் சௌசௌவை, அந்தப் பெங்களூர் கத்தரிக்காயை, இந்த ஊருக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது ஒரு கல்மரம். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலிருந்து வந்தது, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் மரநார் வரிகள் கல்லில் அப்படியே தெரியும். குழந்தைகளை அழைத்து வந்தால் முதலில் அங்கே கூட்டிப்போங்கள்.

இனி மரத்தைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலோர் வானைத் தொடும் ஊசியிலை மரமான அரௌகாரியாவையோ, பக்கவேர்கள் சுவர்போல் எழுந்து நிற்கும் அந்தப் பழைய இலவ மரத்தையோதான் முதலில் கேட்பார்கள். அரௌகாரியா வேண்டாம். ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும், உச்சியில் நடப்பது கண்ணுக்கு எட்டாது, மூன்றே மாதத்தில் சலித்துவிடும். இலவ மரம் அருமையான தேர்வு. குளிர் மாதங்களில் இலையை உதிர்த்து, வெறும் கிளையில் பூத்து, இரவில் வௌவால்களை வரவழைத்து, பிறகு காய் வெடித்துப் பஞ்சைப் பறக்கவிடும். ஆனால் அதற்கு இருகண் நோக்கி (பைனாகுலர்) தேவை. அது கையில் இல்லாதவர்களுக்குப் புங்க மரத்தைத்தான் சொல்வேன். தாழ்ந்த கிளை, மாசி பங்குனியில் இலையுதிர்வு, சில நாட்களிலேயே எண்ணெய் பூசியதுபோல் மின்னும் தளிர், பிறகு தரை முழுவதும் பூ. எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாம் கண்மட்டத்தில் நடக்கும்.

தேர்ந்தெடுத்ததும் இரண்டு காரியங்களை உடனே செய்யுங்கள். தையல் அளவு நாடாவால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுங்கள். பக்கவேர் உள்ள மரமானால் அந்த வேர்கள் முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். கை எட்டாவிட்டால் அளக்காமல் விடுங்கள், மரத்தில் ஏற வேண்டாம். அடுத்தது, புகைப்படம் எடுக்க ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம், எதுவானாலும் சரி. ஒவ்வொரு வாரமும் அதே இடத்திலிருந்து அதே கோணத்தில் எடுத்தால்தான் ஆண்டு முடிவில் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும்.

குறிப்பு எழுதும் முறை எளிது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும், மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே பதியும் சீசன்வாட்ச் திட்டத்தின் முறையையே நாங்களும் பின்பற்றுகிறோம். இலையில் தளிர், முற்றிய இலை, பழுத்து உதிரும் இலை. பூவில் மொட்டு, மலர்ந்த பூ. காயில் பிஞ்சு அல்லது காய், பழம், வெடித்த காய். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். மரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம், அதற்கு மேல் என்றால் நிறைய. 'இல்லை' என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால், பூ இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பிறகு உங்களுக்கே தெரியாது. பென்சிலால் எழுதுங்கள். இந்த ஊரில் சித்திரை மழை எந்த நேரத்திலும் வரும், மை கரைந்துவிடும்.

என்னுடைய மரம் நாகலிங்கம். நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய மரம்தான், ஆனால் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலிருந்தே நீளும் தடித்த தண்டுகளில் வரும். காலையில் மலரும், அன்றே உதிரத் தொடங்கும். தரையில் புதிதாக விழுந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆறு இதழ்கள், உள்ளே சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு. நடுவில் லிங்கம் என்று நாம் சொல்வதைச் சுற்றி ஒரு வளையமாகக் குட்டை மகரந்தத் தாள்கள். அங்கிருந்து பாம்பின் படம்போல் வளைந்து எழும் பகுதியில் இன்னொரு வகைத் தாள்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது. அந்தப் பாம்புப் படத்தில் இருக்கும் மகரந்தம் முளைக்காது, அது வண்டுக்குச் சாப்பாடு. கருத்த தச்சன் வண்டு அதைத் தின்ன உள்ளே நுழையும்போது, கீழ் வளையத்தின் முளைக்கும் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. ஏழு மணி வெயிலில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் பார்த்துவிடலாம். நிற்கும்போது தலைக்கு மேலே காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீரங்கிக் குண்டு அளவு காய், விழுந்தால் ஆபத்து.

இந்த மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஆண்டில் ஒரு முறைக்கு மேலும் முழு இலையையும் உதிர்த்துவிட்டு, சில நாட்களுக்குள் மறுபடி தளிர்க்கும். எங்கள் குழுவில் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தியும் நாகலிங்கத்தைத்தான் எடுத்திருந்தாள். ஒரு ஞாயிறு ஓடி வந்தாள். "அக்கா, என் மரம் செத்துப்போய்விட்டது. போன வாரம்கூட நன்றாக இருந்தது" என்றாள், குரல் தழுதழுத்தது. "இலை: இல்லை என்று எழுது. தேதி போடு. அடுத்த ஞாயிறு வந்து பார்" என்றேன். அடுத்த ஞாயிறு மரம் முழுவதும் இளம்பச்சை. அன்று அவள் எழுதிய 'தளிர்: நிறைய' என்ற வரியின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தாள். வாரம் தவறாமல் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். மாதம் ஒரு முறை வருகிறவர் இந்த மாற்றத்தைப் பார்க்கவே மாட்டார்.

உங்கள் மரத்தைப் பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் நடந்துவிட்டுப் போங்கள். 1908-ல் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து இந்த ஊரில் நடவு செய்தார். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு தபேபூயா, பிப்ரவரி மார்ச்சில் மஞ்சள் தபேபூயா, அதை அடுத்து ஜகரண்டாவின் ஊதா, ஏப்ரல் முதல் குல்மோஹரும் பூமருதும், மழை ஓய்ந்த பின் மரமல்லி. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வரிசையை நீங்களே பார்த்த தேதிகளோடு எழுதி வாருங்கள். இரண்டு ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால், எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தோட்டத்து ஊழியர்களிடம் பேசுங்கள். பலகையில் இல்லாத சங்கதிகள் அவர்களிடம் இருக்கின்றன: எந்த மரத்தில் எந்தக் கிளை போன புயலில் முறிந்தது, எந்தப் பொந்தில் கிளி குடியிருக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பெங்களூரின் தோட்டத் தொழிலில் தலைமுறைகளாக இருப்பவர்கள் திகளர்கள், தமிழ் வேர் கொண்ட சமூகம். ஊரே திரளும் கரக விழா அவர்களுடையது. வேலை நேரத்தில் அவர்களை நிறுத்தி வைக்காதீர்கள், கூடவே நடந்து கேளுங்கள்.

கன்று நடும் விழாக்களுக்கு அழைத்தால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத கன்றைவிட, ஏற்கெனவே நிற்கும் மரத்தைத் தொடர்ந்து கவனிக்க ஒருவர் இருப்பது பெரிய தொண்டு என்று நம்புகிறேன். வேரைச் சுற்றி சிமெண்ட் பூசினால், பட்டையில் ஆணி அடித்தால், கிளையில் பூஞ்சை வந்தால், முதலில் கண்ணில் படுவது அந்த ஒருவருக்குத்தான். தோட்டம் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. புகைப்படத்தோடும் தேதியோடும் அவர்களிடம் சொன்னால் பேச்சுக்கு வலு இருக்கும். நீங்களாக எதையும் வெட்டவோ மருந்து பூசவோ வேண்டாம். பூவைப் பறிக்க வேண்டாம், விழுந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

உங்கள் குறிப்புகளை வீட்டு அலமாரியில் வைத்துவிடாமல் சீசன்வாட்சில் பதிந்து மரத்தைச் சேர்த்துவிடுங்கள். நாட்டின் பல இடங்களிலிருந்து வரும் குறிப்புகளோடு உங்களுடையதும் சேரும். ஊருக்குப் போக வேண்டி வந்தால், பொங்கலோ கல்யாணமோ எதுவானாலும், அந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள். குழுவில் ஒருவரை முந்தைய ஞாயிறே மரத்தடிக்குக் கூட்டிப்போய், நிற்கும் இடத்தைக் காட்டி, நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.