விலாசம் மாறினால் மற்ற சர்வீஸ்களுக்கு எப்படிச் சொல்வது?

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் இருந்த வாடிக்கையாளர் காத்ர் போர்னுக்குக் குடிபோகிறார். கடையின் மென்பொருள் தனித்தனி புரோகிராம்களாக, அதாவது சர்வீஸ்களாக, இயங்குகிறது. வாடிக்கையாளர் விவரத்தை வைத்திருக்கும் சர்வீஸில் விலாசத்தை மாற்றியாயிற்று. டெலிவரி சர்வீஸுக்குச் சேதி போகவில்லை. பார்சல் பழைய வீட்டு வாசலில் நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, சேதி எந்தக் கட்டத்தில் கிளம்புகிறது என்பதை. டேட்டாபேஸில் கமிட் செய்தபின் (மாற்றத்தை உறுதியாகப் பதித்தபின்), சர்வீஸ்களுக்கிடையே சேதிகளை வாங்கிவைத்துக் கொடுக்கும் காஃப்காவுக்கு அனுப்பினால், இடையில் சர்வர் விழுந்தால் சேதி தொலையும். அனுப்பிவிட்டுக் கமிட் செய்தால், கமிட் தோற்கும்போது நடக்காததை ஊருக்குச் சொன்னதாகும். அதனால் அதே டேட்டாபேஸில் 'அவுட்பாக்ஸ்' டேபிள் ஒன்று வைத்து, விலாசத்தையும் சேதியையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள்; இரண்டும் பதியும், இல்லையேல் இரண்டுமே பதியாது. அதிலிருந்து எடுத்து அனுப்புவது தனி புரோகிராமின் வேலை. டேட்டாபேஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாகைப் படிக்கும் டெபீசியம் என்ற கருவியும் இதற்கு உதவும். அனுப்பிய வரிகளை அவ்வப்போது அழிக்காவிட்டால் டேபிள் ஊதிவிடும்.

சேதிக்குத் தனி எண், வாடிக்கையாளர் எண், பதிவின் வெர்ஷன் எண் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடிக்கொண்டே போவது), நேரம், பெயர் இவை கட்டாயம். பெயர் 'விலாசம் மாறியது' என்று நடந்ததைச் சொல்லட்டும். 'டெலிவரியைத் திருத்து' என்று கட்டளையிட்டால், நாளை பில்லிங் சேரும்போது அனுப்புகிற பக்கத்தையும் திருத்த வேண்டிவரும். நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கட்டும்; மொரீஷியஸ் அதைவிட 4 மணி நேரம் முன்னே. ஆனால் வரிசையை நேரத்தால் முடிவு செய்யாதீர்கள், சர்வர் கடிகாரங்கள் ஒத்துப்போகாது. வெர்ஷனை நம்புங்கள்.

புது விலாசத்தையே சேதிக்குள் வைக்கலாமா? காஃப்கா இயல்பாகவே 7 நாள் சேதிகளை வைத்திருக்கும். மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொன்னால், அங்கே கிடப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஆகவே தனிநபர் விவரமானால் அதை விட்டுவிட்டு மேலே சொன்ன எண்களை மட்டும் அனுப்புங்கள்; விலாசம் வேண்டியவர் வந்து கேட்கட்டும். இதில் ஒரு குழி உண்டு: பதில் ரெப்ளிக்காவிலிருந்து, அதாவது டேட்டாபேஸின் சற்றுப் பின்தங்கக்கூடிய நகலிலிருந்து, வந்தால் பழைய விலாசமே கிடைக்கலாம். பதிலிலும் வெர்ஷன் இருக்க வேண்டும். சேதியிலுள்ளதைவிடக் குறைவானால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். விலை, சரக்கு இருப்பு போன்றவற்றை முழு மதிப்போடு அனுப்பலாம்.

ஒரே சேதி இரண்டு முறை வரும், அது இயல்பு. பெறுபவர் சேதி எண்ணைத் தன் வேலையோடு ஒரே டிரான்சாக்‌ஷனில் குறித்துவைக்க வேண்டும்; அதே எண் மறுபடி வந்தால் விட்டுவிடலாம். காஃப்கா சேதிகளைப் பார்ட்டிஷன் என்ற பிரிவுகளாகப் பிரித்து வைக்கும்; வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே காக்கப்படும். ஒரே கீ உள்ள சேதிகள் ஒரே பார்ட்டிஷனில் சேரும் என்பதால் வாடிக்கையாளர் எண்ணையே கீயாக வையுங்கள். கையிலுள்ளதைவிடப் பழைய வெர்ஷன் வந்தால் விட்டுவிடலாம்.

பலர் மறப்பது நீக்கத்தை. 'நீக்கப்பட்டது' என்ற சேதியும் அடுத்த வெர்ஷன் எண்ணோடு போக வேண்டும். பெறுபவர் விவரங்களை அழித்தாலும் எண்ணையும் வெர்ஷனையும் சில காலம் வைத்திருக்கட்டும். இல்லையேல் தாமதமாக வரும் பழைய சேதி ஒன்று, நீக்கிய வாடிக்கையாளரைத் திரும்பவும் பட்டியலில் சேர்த்துவிடும்.