தொலைநோக்கியில் போன் வைத்துப் படம் எடுக்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

கண்ணால் பார்க்கும்போது பள்ளம் பள்ளமாகத் தெரிந்த நிலா, போனில் எடுத்தால் வெறும் வெள்ளை வட்டமாக வந்து நிற்கும். குறை தொலைநோக்கியில் இல்லை. சுற்றியிருக்கும் இருட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதை அதன் போக்கில் விடுவதுதான் முதல் தவறு. திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள்; பெரும்பாலான போன்களில் போகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். அப்புறம் பள்ளங்களின் விளிம்பு தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக வந்தாலும் பிறகு சரிசெய்யலாம், வெளுத்துப்போனதை மீட்க வழியே இல்லை.

வியாழனிடம் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அதன் பட்டைகள் தெரிய வெளிச்சத்தைக் குறைத்தால் நான்கு பெரிய நிலவுகளும் மறைந்துவிடும், நிலவுகளுக்காகக் கூட்டினால் பட்டைகள் போய்விடும். ஒரே படத்தில் இரண்டுக்கும் மல்லுக்கட்டாதீர்கள், தனித்தனியாக எடுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே அதிக உருப்பெருக்கத்துக்குத் தாவுவதும் வேண்டாம். பூமி சுழல்வதால் நிலா தன் அகலத்தை வானத்தில் கடக்க ஏறக்குறைய 2 நிமிடம்தான் ஆகும். உருப்பெருக்கம் கூடக் கூட, போனைச் சரியாக வைப்பதற்குள் கோள் பார்வையை விட்டு ஓடிவிடும். உருப்பெருக்கம் குறைவான 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தொடங்குங்கள். போனைக் கையில் பிடிப்பதைவிட, ஐபீஸோடு அதைப் பிடித்து நிறுத்தும் அடாப்டரில் மாட்டுவது எவ்வளவோ மேல். லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஓரம் கறுத்துவிடும். சில போன்கள் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும், முதன்மைக் கேமராவில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொத்தானைத் தொட்டால் தொலைநோக்கியே ஆடும், ஆகவே 3 நொடி டைமர் போடுங்கள்.

பௌர்ணமிக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, படம் தட்டையாகத்தான் வரும். அரைநிலா நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பாருங்கள், ஒவ்வொரு பள்ளமும் ஆழத்தோடு தெரியும். எனக்கு எப்போதும் அந்த நாள்தான் பிடிக்கும்.

பல நொடிகள் ஒளியைச் சேர்க்கும் நைட் மோடை நம்பி ஓரியன் நெபுலாவை (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு, தூசு மேகம்) எடுக்கிறவர்கள், வானத்தின் நகர்வைத் தொடரும் மோட்டார் தொலைநோக்கியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். கோள்களுக்கு ஒற்றைப் படத்தைவிட வீடியோ நல்லது. காற்றின் அலைவு அடங்கும் கணங்களில் பதிவான தெளிவான பிரேம்களை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்க ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.