கடற்பஞ்சைப் பட்டினி போடாதீர்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கடற்பஞ்சைப் பற்றி முதலில் கேள்விப்படும் எச்சரிக்கை, "காற்று படக் கூடாது" என்பதுதான். அது சரியான எச்சரிக்கை. கடற்பஞ்சு என்பது ஓரிடத்தில் ஒட்டி வாழும் எளிய விலங்கு. அதன் உடல் முழுக்க நுண்துளைகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும்தான். வெளியே எடுத்தால் காற்று உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும், நீரோட்டம் நின்ற பகுதி அழுகத் தொடங்கும். அதனால் வாங்கும்போதே நீருக்கடியில் டப்பாவில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கியபின், டப்பாவோடு தொட்டிக்குள் அமிழ்த்தி வெளியே விடுங்கள்.

ஆனால் இதை மட்டும் கவனமாகச் செய்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பட்டினி போட்டுவிடுகிறோம். வீட்டுத் தொட்டிகளில் கடற்பஞ்சு சாவதற்குப் பசிதான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சிக்கல் என்னவென்றால், அது பசியில் இருப்பது நமக்குத் தெரியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நிறம் மங்காமல் அப்படியே நிற்கும். உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் உடலையே கரைத்துக்கொண்டிருக்கும். "நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று வெளுத்துவிட்டது" என்று நானும் ஒரு சிவப்புக் கடற்பஞ்சைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அது திடீரென்று நடந்ததல்ல.

அது என்ன சாப்பிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். உள்ளே இருக்கும் காலர் செல்கள் சாட்டை போன்ற கசையிழைகளை அசைத்துத் தண்ணீரை உறிஞ்சுகின்றன, அதில் வரும் துகள்களை வடித்துக்கொள்கின்றன. தண்ணீர் நுழையும் துளைகள் பெரும்பாலும் 50 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. மீன்களுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின், அப்போதுதான் பொரித்த குஞ்சோ ஏறத்தாழ 400 மைக்ரான் இருக்கும். அதை எவ்வளவு ஊற்றினாலும் கடற்பஞ்சுக்குப் பயனில்லை. மீன் உணவைப் பொடித்துத் தூவுவதும் அப்படித்தான். துளைகள் அடைபடும், தண்ணீர் கெடும். கடற்பஞ்சுக்கு வேண்டியது பாக்டீரியா, இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள நானோகுளோராப்சிஸ் போன்ற பைட்டோபிளாங்டன் (மிதக்கும் நுண்பாசி), தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள். இந்தக் கடைசிப் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதை 2013-ல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது: பவளங்களும் பாசிகளும் வெளிவிடும் கரைந்த கரிமத்தைக் கடற்பஞ்சுகள் எடுத்துக்கொண்டு, உதிர்க்கும் செல்களாக மற்ற உயிர்களுக்குத் திருப்பித் தருகின்றன.

இதற்கு நேர்மாறாகத்தான் நம் தொட்டிகள் ஓடுகின்றன. கழிவை நுரையாக்கி அகற்றும் பெரிய ஸ்கிம்மர், நுண்ணுயிர்களைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு, வடிகட்டும் பை, கரைந்த கழிவை உறிஞ்சும் கார்பன் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், கடற்பஞ்சுக்கோ அதில் உண்ண ஒன்றுமிருக்காது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. உணவு விடும்போது ஸ்கிம்மரையும் யுவியையும் சில மணி நேரம் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறைய ஊற்றுவதைவிடத் தினமும் கொஞ்சம் விடுவது நல்லது. புதிதாகத் தொடங்கிய தொட்டியில் வாங்கி வைக்கவே வேண்டாம். ஓராண்டாவது ஓடி நுண்ணுயிர்கள் பெருகட்டும்.

சிலிக்கேட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பல கடற்பஞ்சுகளின் உடலைத் தாங்கும் நுண்ணிய முட்கள் சிலிக்காவால் ஆனவை. தொட்டிக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வும் டி.ஐ. வடிகட்டியும் தண்ணீரிலுள்ள சிலிக்கேட்டை (கரைந்த சிலிக்கா) எடுத்துவிடும், பாஸ்பேட்டை இறக்கப் போடும் இரும்பு ஆக்சைடு மணிகளும் அதையே செய்யும். அதற்காக அளந்து பார்க்காமல் சிலிக்கேட் ஊற்றாதீர்கள், கண்ணாடி முழுக்கப் டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசி படியும்.

வைக்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. அழகாகத் தெரியட்டும் என்று விளக்குக்கு நேர் கீழே வைத்தால் மேற்பரப்பில் பாசி படர்ந்து துளைகளை மூடிவிடும். உடலில் ஒளிச்சேர்க்கை நுண்ணுயிர்களோடு வாழும் சில வகைகளைத் தவிர மற்றவற்றுக்குப் பாறை நிழலே ஏற்றது. வண்டல் தங்காதபடி நீரோட்டம் வேண்டும், ஆனால் பம்ப் நேராகப் பாயக் கூடாது. சூப்பர் குளூ வழவழப்பான உடலில் நிற்காது, பாறை இடுக்கில் செருகுவதே நல்லது. பெரிய ஏஞ்சல் மீன்கள் கடற்பஞ்சைக் கொத்தித் தின்னும், அவை இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து தொட்டிக்குள் வரவே கூடாது.

வெளுத்து, மேலே பஞ்சு போன்ற படலம் வந்தால் காத்திருக்காதீர்கள். அழுகும் துண்டு அம்மோனியாவை ஏற்றிவிடும். நீருக்கடியிலேயே கூர்மையான கத்தியால் அழுகலைத் தாண்டி, நல்ல பகுதி வரை வெட்டி எடுங்கள். மிஞ்சியது பிழைக்கக்கூடும். 1907-ல் எச்.வி. வில்சன் என்ற உயிரியலாளர் கடற்பஞ்சைத் துணியில் பிழிந்து செல்களாகப் பிரித்தபோதுகூட அவை மறுபடி ஒன்றுகூடிக் கடற்பஞ்சாயின.

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை, கடையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, சிவப்பு வகைகளை விட்டுவிடுங்கள் என்பதே. லைவ் ராக்கோடு (உயிரினங்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறை) தானே வந்து சேரும் வெள்ளை, மஞ்சள் கடற்பஞ்சுகளைச் சுரண்டி எறியாமல், சம்பின் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருட்டு மூலையில் ஒரு பாறையை வைத்து அவற்றுக்கு இடம் கொடுங்கள். அன்னாசிப் பழம் போன்ற சின்னஞ்சிறு சைகான் வகைக் கடற்பஞ்சுகள் நீரோட்டத்தில் தாமாகவே முளைக்கும், அவற்றால் கெடுதல் இல்லை. பவளத்தையும் சிப்பி ஓட்டையும் துளைக்கும் கிளையோனா என்ற கடற்பஞ்சு வகையை மட்டும் கண்டால் அந்தப் பாறையைத் தனியே எடுத்து வையுங்கள்.